இல்லாத இரண்டு பந்துவீச்சாளர்கள்

தாராபுரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். கிரிக்கெட் கணக்கு வழக்கில் அவரை மடக்குவது கஷ்டம். ஷெஹான் கருணாதிலகவின் 'சைனாமேன்' நாவலைப் படித்து முடித்த சூட்டோடு அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, பிரதீப் மேத்யூன்னு இலங்கைக்கு ஆடுன இடதுகை ஸ்பின்னர். கண்டி அஸ்கிரியாவுல நியூசிலாந்துக்கு எதிரா ஒரே இன்னிங்ஸ்ல பத்து விக்கெட் எடுத்தவரு. ஞாபகம் இருக்குங்களா?"

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ஆமாங்க, எண்பதுகள்ல ஒருத்தர் இருந்தாப்ல. முரளிக்கு முந்தி. என்னமோ வாரியத்தோட தகராறுன்னு விட்டுட்டாங்க."

அப்படி ஒருவர் இல்லவே இல்லை. நாவலாசிரியர் உண்டாக்கிய ஆள். ஆனால் நண்பரைக் குறை சொல்லமாட்டேன். படிக்கும்போது நானே இரண்டு தடவை போனை எடுத்துத் தேடியிருக்கிறேன்.

இதே மாதிரி இல்லாத இன்னொரு பந்துவீச்சாளர் ஃபிடல் காஸ்ட்ரோ. 'அவர் பெரிய பேஸ்பால் பிட்சர், அமெரிக்காவின் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி அவரை எடுக்கப் பார்த்தது, எடுத்திருந்தால் கியூபாவில் புரட்சியே நடந்திருக்காது' என்ற கதையை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். இதைத் தோண்டிப் பார்த்தவர் ரொபெர்த்தோ கொன்சாலஸ் எச்சவர்ரியா. கியூபாவில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். 1999-ல் வந்த 'தி ப்ரைட் ஆஃப் ஹவானா' என்ற அவருடைய கியூப பேஸ்பால் வரலாற்றுக்காகப் பழைய பத்திரிகைகளைப் புரட்டியவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஸ்கோர் அட்டை. 1946 நவம்பரில் ஹவானா பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, சட்டத் துறைக்கும் வணிகத் துறைக்கும் நடந்த ஆட்டம். அதில் 'எஃப். காஸ்ட்ரோ' என்று ஒரு பிட்சர். தோற்றுப்போன அணி.

அவ்வளவுதான் சரக்கு. 1959-ல் ஆட்சிக்கு வந்தபிறகு 'தாடிக்காரர்கள்' என்ற பெயரில் ஒரு காட்சி ஆட்டத்தில் பந்தெறிந்தார், அந்தப் படங்கள் உலகம் சுற்றின. 1964-ல் டான் ஹோக் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், 'காஸ்ட்ரோவின் பந்தை நான் அடித்த நாள்' என்கிற மாதிரி ஒரு கட்டுரையைப் பத்திரிகையில் விட்டார். தேதிகள்கூட ஒத்துவராத கட்டுரை. ஆனாலும் கதை நின்றுவிட்டது.

இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படித்ததால்தான் இந்தக் குறிப்பு. இலங்கையிலும் பேஸ்பால் உண்டு. ஜப்பான் உதவியோடு தியகமவில் தனி மைதானமே கட்டியிருக்கிறார்கள். ஆனால் பேஸ்பால் கியூபாவுக்கு எதுவோ, இலங்கைக்கு அது கிரிக்கெட். 'நாங்கள் ஒரு நாடு' என்று ஒரு தீவு தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஆட்டம். அதனால் அந்த ஆட்டத்தின் வரலாற்றில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது வெறும் விளையாட்டு விஷயம் இல்லை. எச்சவர்ரியா, எல்லோரும் நம்பிய ஒரு பொய்யைப் பிடித்து வெளியே போட்டார். கருணாதிலக, எல்லோரும் நம்பும்படி ஒரு பொய்யை உள்ளே வைத்தார். எது தேவை, எதில் என்ன குறை என்பதுதான் என் கேள்வி.

*

முதலில் கியூபா. அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அமெரிக்கப் படை அங்கே இறங்கியது 1898-ல். அதற்கு முப்பது வருடம் முன்பே கியூபாக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அலபாமாவில் மொபைல் நகரத்திலுள்ள ஸ்பிரிங் ஹில் கல்லூரியில் படித்துவிட்டு 1864-ல் ஹவானா திரும்பிய நெமேசியோ கியோ என்ற பையனின் பெட்டியில் ஒரு மட்டையும் பந்தும் இருந்தன. 1868-ல் ஹவானா கிளப் தொடங்கியது. அதே வருடம் அக்டோபரில் ஸ்பெயினுக்கு எதிரான முதல் விடுதலைப் போரும் தொடங்கியது. 1874 டிசம்பர் 27-ல் மத்தான்சாஸ் ஊரின் பல்மார் தெ ஹுன்கோ மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் ஹவானா 51-9 என்று மத்தான்சாஸைப் புரட்டி எடுத்தது. 1878-ல் லீக்கே வந்துவிட்டது.

அன்றைக்கு ஆண்டுகொண்டிருந்தது ஸ்பெயின். ஸ்பெயின்காரனின் பொழுதுபோக்கு காளைச் சண்டை. அதற்குப் போகாமல் பேஸ்பாலுக்குப் போவதே ஒரு அரசியல் நிலைப்பாடு ஆனது. ஹவானா அணியை நடத்திய எமிலியோ சபோரின் விடுதலைப் போருக்கு உதவியதற்காகக் கைதாகி, ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வைத்திருந்த செவுத்தா சிறையில் 1897-ல் இறந்தார். ஆண்டவனின் ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.

எச்சவர்ரியாவின் புத்தகம் இதோடு நின்றிருந்தால் அது இன்னொரு தேசபக்திக் கதை. மட்டையைப் பெட்டியில் கொண்டுவந்த பையன்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்கவைத்த வசதி எங்கிருந்து வந்தது? அந்தக் காலக் கியூபாவில் பணம் என்றால் கரும்பு. கரும்பு என்றால் அடிமைகள். கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886-ல்தான். 'விடுதலையின் ஆட்டம்' ஆடிய ஆரம்பகால கிளப்புகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. தொழில்முறை லீக்கில் அவர்கள் நுழைந்தது 1900-ல். வெள்ளையர் கிளப்புகள் நடத்திய அமெச்சூர் லீக்கின் கதவு புரட்சி வரும்வரை திறக்கவே இல்லை.

ஆனால் ஆட்டம் கரும்புத் தோட்டத்துக்கு இறங்கிவிட்டது. சர்க்கரை ஆலைக்கு ஆலை ஒரு அணி. நம்ம கிருஷ்ணாபுரத்து அமராவதி சர்க்கரை ஆலையில் ஆள் எடுக்கும்போது 'பந்து போடத் தெரியுமா?' என்று கேட்டு எடுப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கியூபாவில் அது நடந்தது. மத்தான்சாஸ் மாகாணத்துக் கரும்புக் காட்டில் வேலை செய்த மின்னி மினியோசோ 1949-ல் அமெரிக்க மேஜர் லீக்கில் ஆடினார். அவருக்கு முந்தைய தலைமுறையின் மார்த்தின் திஹிகோ, மைதானத்தில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவர். கறுப்பர் என்பதால் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இறந்து ஆறு வருடம் கழித்து, 1977-ல், அதே அமெரிக்காவின் புகழ் மண்டபத்தில் பெயரைப் பொறித்தார்கள்.

புத்தகத்தின் பலம் இதுதான். காஸ்ட்ரோ கதையை வெளியே தள்ளியதோடு நிற்காமல், காலியான இடத்தில் நிஜமான ஆட்களை உட்கார வைக்கிறது. பெயர், ஊர், ஆண்டு, யார் யாரை உள்ளே விடவில்லை, எல்லாம் இருக்கிறது. குறையும் இல்லாமல் இல்லை. 1959-ல் தீவை விட்டு வந்தவர் என்பதால், அதற்குப் பிந்தைய பேஸ்பாலைப் பற்றி எழுதும்போது அவருக்குப் பொறுமை போய்விடுகிறது. சிறுவயதில் பார்த்த ஹவானா ஸ்டேடியத்தின் விளக்கு வெளிச்சம் முன்பகுதியில் பக்கத்துக்குப் பக்கம் எரிகிறது, பின்பகுதியில் அணைந்துவிடுகிறது. ஒலிம்பிக்கில் 1992, 1996, 2004 என்று மூன்று தங்கம் வென்ற நாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் ஆசையோடு எழுதியிருக்கலாம் என்று தோன்றியது.

*

இலங்கையில் விஷயம் தலைகீழ். அங்கே ஆண்டவனின் ஆட்டத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1832-லேயே கொழும்புப் பத்திரிகையில் கிரிக்கெட் செய்தி வந்திருக்கிறது. கொழும்பு கிரிக்கெட் கிளப் 1863-ல் வந்தது, வெள்ளைக்காரர்களுக்கு. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கொரு கிளப். மலாய் கிளப் 1872. பறங்கியர் கிளப் 1896. சிங்கள ஸ்போர்ட்ஸ் கிளப் 1899. அதே 1899-ல் தமிழ் யூனியன். முஸ்லிம்களின் மூர்ஸ் கிளப் 1908. நடுவில் 1888-ல் 'எந்த வகையிலும் சேராதவர்கள்' என்ற பொருளில் நான்டிஸ்கிரிப்ட்ஸ் என்று ஒன்று. ஒரு தீவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரியே கிளப் பட்டியலும் இருக்கிறது.

கிளப்புக்கு முந்தைய வாசல் பள்ளிக்கூடம். ராயல் கல்லூரிக்கும் செயின்ட் தாமஸ் கல்லூரிக்கும் நடக்கும் ஆட்டம் 1879-ல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதும் 'வடக்கின் பெரும்போர்' 1904-ல். ஆக, ஆட்டம் தமிழர்களுக்குப் புதிது இல்லை. முதல் டெஸ்ட் ஆட்டத்தை இலங்கை 1982 பிப்ரவரியில் ஆடிய மைதானமே தமிழ் யூனியன் மைதானம்தான். கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த பாக்கியசோதி சரவணமுத்து பெயரால் இன்றும் பி. சரா ஓவல் என்கிறார்கள்.

அதே மைதானத்தில் 1948 மார்ச் 27-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிற வழியில் பிராட்மேனின் ஆஸ்திரேலியா ஒரு நாள் ஆடியது. பிட்ச் 22 கஜத்துக்குப் பதில் 20 கஜம்தான் இருந்தது என்பதைப் பாதி ஆட்டத்தில் கண்டுபிடித்தார்கள் என்பது அந்த ஆட்டத்தின் பிரபலமான வேடிக்கை. எனக்கு முக்கியம் வேறு. அன்றைக்கு இலங்கை அணியின் கேப்டன் மகாதேவன் சதாசிவம், ஒரு தமிழர். முந்தைய வருடம் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 அடித்தவர்.

சதாசிவம் பிராட்மேனோடு டாஸ் போட்ட அதே 1948-ல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து போய்த் தேயிலை பறித்த மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். தேயிலைத் தோட்டத்து வெள்ளைத் துரைமார் மலைமேல் கிளப் வைத்து நன்றாகவே கிரிக்கெட் ஆடினார்கள். ஆனால் கியூபாவில் கரும்புக் காட்டுக்கு இறங்கிய மாதிரி இங்கே ஆட்டம் லயன் வீடுகளுக்கு இறங்கவில்லை. பணக்காரப் பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டித்தான் மட்டையைப் பிடிக்க முடியும் என்றால், குடியுரிமையே இல்லாத கூலிக்காரரின் பிள்ளை எங்கே போகும்? முரளிதரனின் தாத்தா தோட்ட வேலைக்கு வந்தவர்தான். ஆனால் முரளி மைதானத்துக்கு வந்தது, அப்பா கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்து, செயின்ட் அந்தோனிஸ் கல்லூரியில் சேர்த்த பிறகு.

*

இந்தப் பின்னணியோடு 'சைனாமேன்' படித்தால் நாவல் வேறு மாதிரித் தெரிகிறது.

கதை சுருக்கம்: டபிள்யூ. ஜி. கருணாசேன என்ற ஓய்வுபெற்ற விளையாட்டு நிருபர். குடித்துக் குடித்துக் கல்லீரல் போய்விட்டது. சாவதற்குள் ஒரே ஒரு வேலையை முடிக்கவேண்டும். இலங்கையின் மிகச்சிறந்த பந்துவீச்சாளர் என்று அவர் நம்பும் பிரதீப் மேத்யூவைக் கண்டுபிடிக்கவேண்டும். தமிழ் அப்பாவுக்கும் சிங்கள அம்மாவுக்கும் பிறந்த மேத்யூ, சில டெஸ்ட் ஆடிவிட்டுக் காணாமல் போய்விட்டார். பதிவேடுகளிலும் இல்லை. பக்கத்து வீட்டு நண்பர் அரியோடு சேர்ந்து கிழவர் தேடுகிறார். முடிவைச் சொல்லமாட்டேன்.

எழுத்து அபாரம். பொய்யான ஸ்கோர், பொய்யான பேட்டி, பந்து பிடிக்கும் விரல்களின் படம் என்று ஆவணம் மாதிரியே அடுக்குகிறார். நடுவில் 1996 உலகக் கோப்பை, நடுவர் டாரல் ஹேர் முரளிக்கு நோபால் கொடுத்தது போன்ற நிஜங்களின் காற்று வீசுகிறது. அதனால் பொய்யும் நிஜமாகிறது. குடிகாரரின் வீட்டுக் கதையாகவும் இது உண்மையான நாவல். மனைவி ஷீலாவும், கேரி சோபர்ஸ் நினைவாகப் பெயர் வைத்த மகன் கார்ஃபீல்டும் கிழவரிடம் படும் பாட்டை எழுதிய இடங்களில் நகைச்சுவை தொண்டையில் அடைக்கிறது. 2008-ல் இலங்கையின் கிரேஷன் பரிசு, 2012-ல் காமன்வெல்த் பரிசு, எல்லாம் தகும்.

ஆனால் பலரும் சொல்கிற மாதிரி 'இலங்கை கிரிக்கெட்டின் உண்மையான வரலாறு' இதுதான் என்றால், அங்கே எனக்கு ஒரு இடறல் இருக்கு.

முதல் விஷயம், மேத்யூ பேசுவது மிகக் குறைவு. கோச் சொல்கிறார், பழைய காதலி சொல்கிறார், எதிரணிக்காரர் சொல்கிறார். காணாமல் போன தமிழரைப் பற்றி மற்ற எல்லோரும் பேசுகிறார்கள். இது நாவலின் உத்தி என்பது புரிகிறது. கருணாதிலகவுக்கு இதில் நேர்மையும் உண்டு, ஒரு சிங்களக் கிழவருக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறார். இருந்தாலும் புத்தகத்தை மூடும்போது நமக்கு நெருக்கமானவர் தேடியவர்தான், தேடப்பட்டவர் இல்லை.

இரண்டாவது, இதுதான் பெரிய விஷயம். ஒரு தமிழ் ஆட்டக்காரர் பதிவில் இல்லாமல் போவதை நாவல் ஒரு மர்மமாக ஆக்குகிறது. யாரோ சதி செய்தார்கள், யாரோ ஸ்கோர் அட்டையை அழித்தார்கள், அவரும் தலைக்கனம் பிடித்தவர். மர்மம் படிக்க இன்பமானது. ஆனால் நிஜத்தில் மர்மம் எதுவும் இல்லைங்க. எந்தப் பள்ளிக்கூடம், எந்த கிளப், எந்தச் சட்டம், எந்தக் கலவரம் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். போர் நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பையன் கொழும்புத் தேர்வாளர் கண்ணில் படவே வழியில்லை. ஸ்கோர் அட்டையை யாரும் அழிக்க வேண்டியதே இல்லை. அவன் பெயர் அதில் ஏறியிருந்தால்தானே அழிப்பதற்கு?

மூன்றாவது, கற்பனை ஆளின் வெளிச்சத்தில் நிஜ ஆட்கள் மங்கிவிடுகிறார்கள். ஸ்ரீதரன் ஜெகநாதன் என்று ஒருவர். இடதுகைச் சுழற்பந்துக்காரர். 1983 மார்ச்சில் நியூசிலாந்தில் இரண்டு டெஸ்ட் ஆடினார். அதே தொடரில் வினோதன் ஜான் என்ற வேகப்பந்து வீச்சாளரும் அறிமுகமானார். அவர் மொத்தம் ஆறு டெஸ்டில் 28 விக்கெட். அந்தத் தொடரில் புதுமுகங்களுக்கு இடம் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. முந்தைய வருடக் கடைசியில் நிறவெறி தென்னாப்பிரிக்காவுக்குப் பணத்துக்காக ஆடப்போனவர்களை வாரியம் 25 வருடம் தடை செய்திருந்தது. நியூசிலாந்திலிருந்து அணி திரும்பிய நாலு மாதத்தில் கறுப்பு ஜூலை. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஜெகநாதன் 1987 உலகக் கோப்பையிலும் ஆடினார், டெஸ்ட் மட்டும் மறுபடி கிடைக்கவில்லை. இலங்கை உலகக் கோப்பை வென்று இரண்டே மாதத்தில், 1996 மே மாதம் இறந்தார். இலங்கையின் டெஸ்ட் வீரர்களில் முதலில் இறந்தவர் அவர்தான். ஜெகநாதனின் டெஸ்ட் வாழ்க்கை இரண்டு ஆட்டத்தோடு முடிந்ததற்கு இனம்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. வயதும் முப்பதைத் தாண்டியிருந்தது. நான் சொல்லவருவது, இந்த வாழ்க்கையில் ஒரு நாவலுக்கான சரக்கு இருக்கிறது, கற்பனையே தேவையில்லை.

சதாசிவமும் அப்படித்தான். 1951-ல் அவர் மனைவி கொலை செய்யப்பட்டார். குற்றம் அவர்மேல் சாட்டப்பட்டு, நாடே பேசிய வழக்காகி, 1953-ல் விடுதலையானார். பிறகு தீவை விட்டுப் போய் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கேப்டனாக ஆடினார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த 215 பின்னால் போய்விடுகிறது, வழக்குதான் முன்னால் வருகிறது.

*

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் இலங்கை கிரிக்கெட் என்றால் நமக்கு ஒரே ஒரு தமிழர்தான், முரளி. அவரையும் இரண்டே வகையில்தான் பேசுவோம். 800 விக்கெட் எடுத்த நம்ம ஆள், இல்லாவிட்டால் துரோகி. 2020-ல் அவர் வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகிய நாட்களில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கும். 2023-ல் வேறு நடிகரோடு '800' வந்தபோது சத்தம் அடங்கியிருந்தது. ஒரே ஒருவர் மட்டும் மேடையில் நின்றால், ஒரு இனத்தின் மொத்தக் கணக்கையும் அவர் தலையில்தான் எழுதுவோம். பக்கத்தில் சதாசிவம், ஜெகநாதன், வினோதன் ஜான் எல்லோரும் நின்றிருந்தால் முரளியும் ஒரு ஆட்டக்காரராக மட்டும் இருந்திருப்பார். 2024-ல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்கு ஆடியதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

எச்சவர்ரியா செய்த வேலையை இலங்கைத் தமிழ் ஆட்டக்காரர்களுக்கு யாராவது செய்யவேண்டும். பழைய பத்திரிகை, கல்லூரி மலர், கிளப் பதிவேடு என்று உட்கார்ந்து தோண்டுகிற வேலை. 'சைனாமேன்' அதற்கு மாற்று இல்லை. ஆனால் அதன் நன்மை ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த நாவல் இல்லையென்றால் நானும் ஜெகநாதன் என்ற பெயரைத் தேடிப் போயிருக்கமாட்டேன். இல்லாத ஒருவரைத் தேடப்போய்த்தான் இருந்த ஒருவர் கிடைத்தார்.

போன ஞாயிறு பி.டி. வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மேத்யூ கற்பனை என்றதும் சிரித்தார். பிறகு ஜெகநாதனைப் பற்றிச் சொன்னேன். இடதுகை, நியூசிலாந்து, இரண்டு டெஸ்ட், 1996-ல் இறந்தார் என்று வரிசையாக. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இதாவது நெசமுங்களா, இல்ல இதும் அந்தப் புத்தகத்துல வர்றதுங்களா?"